இன்னொருவருக்குப் பதிலாகப் புறப்பட்டவர்

(பிரான்சிஸ் சவேரியார், 1506 – 1552)



விடியற்காலையில் நம்ம மாரியூர் கரையில் நின்னு பார்த்திருப்பீங்க. நம்மில் பலருக்கு அதுதானே பிழைப்பு. வல்லங்கள் ஒண்ணு பின்னால ஒண்ணாக இறங்கும். வீட்டுக்காரி சோத்துவாளியைக் கொடுத்துவிட்டு, படகு கண்ணுக்கு மறையுற வரைக்கும் மணல்லயே நிப்பாள். சாயங்காலமோ மறுநாளோ திரும்பி வரப்போகிற மனுஷன்தான். இருந்தாலும் வயித்துக்குள்ள ஒரு கலக்கம் இருக்கும். இது கடற்கரைக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த கலக்கம்.

அப்படியானால் பதின்மூன்று மாதம் கடல்மேல் இருக்கப் புறப்பட்டவனுடைய நெஞ்சு எப்படி இருந்திருக்கும்? திரும்பி வருவோமா என்றே தெரியாமல் கப்பலேறின ஒரு மனுஷனுடைய சரித்திரத்தை இந்த மாதம் தியானிக்கப் போகிறோம்.

சவேரியாரைப் பத்தி நம்ம சபைப் பத்திரிகையில் எழுதலாமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அவர் ரோமன் கத்தோலிக்க சபையைச் சேர்ந்தவர். 1622ல் அந்தச் சபை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தது. நாம் மரித்த பரிசுத்தவான்களிடம் வேண்டிக்கொள்வதில்லை; அவர் உபதேசம் எல்லாம் நம்ம உபதேசமும் அல்ல. ஆனாலும் வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, மணப்பாடு என்று நம்ம கடற்கரையோரம் நடந்து தேய்ந்த கால்கள் அவருடையவை. ஒரு மனுஷனுடைய பிரயாசத்தைக் கனம் பண்ணுவதற்கு அவர் நம்ம சபை அங்கத்தினராக இருக்க வேண்டிய அவசியமில்லை. அவரிடத்தில் குறையும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லுவேன்.

கோட்டையில் பிறந்த பிள்ளை

1506 ஏப்ரல் 7ல், இன்றைய ஸ்பெயின் தேசத்தின் வடக்கே இருந்த நவார் என்ற சின்ன ராஜ்யத்தில் பிரான்சிஸ் பிறந்தார். சவியேர் என்பது அவர் பிறந்த கோட்டையின் பெயர். அதுதான் நம்ம ஜனங்கள் வாயில் சவேரியார் என்று ஆயிற்று. தகப்பனார் ராஜாவின் ஆலோசனைச் சங்கத்தில் தலைவர். பிரான்சிஸ் வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை.

பிள்ளைக்கு ஆறு வயசு ஆகும்போது, 1512ல், ராஜ்யம் பறிபோனது. 1515ல் தகப்பனார் இறந்துபோனார். அடுத்த வருஷம் எதிரிகள் வந்து கோட்டையின் மதில்களையும் கோபுரங்களையும் இடித்துத் தள்ளினார்கள். பத்து வயசுப் பிள்ளை தன் வீடு இடிபடுவதைக் கண்ணால் பார்த்தான். அண்ணன்மார் வாளை எடுத்துக்கொண்டு யுத்தத்துக்குப் போனார்கள். இவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, 1525ல், 19ஆம் வயதில் பாரீஸ் பட்டணத்துக்குப் படிக்கப் போனார்.

நன்றாகப் படித்தார். 1530ல் பட்டம் வாங்கிக் கல்லூரியில் பாடம் நடத்தவும் ஆரம்பித்தார். பெரிய பதவிக்கு வர வேண்டும், இழந்துபோன குடும்ப மரியாதையை மீட்க வேண்டும் என்பதே அவர் ஆசை. நம்ம பிள்ளைகளைப் படிக்க வைக்கும்போது நமக்கும் இதே ஆசைதானே இருக்கு!

ஆனால் தேவன் ஒரு காரியம் செய்தார். 1529ல் அவர் தங்கியிருந்த அறைக்கே வயதில் மூத்த ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பார். அவர்தான் லொயோலா இஞ்ஞாசியார். 1521ல் பாம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தவர். அந்தச் சண்டையில் கோட்டையைப் பிடிக்க வந்த பக்கத்தில்தான் பிரான்சிஸின் அண்ணன்மார் இருந்தார்கள். பகையாளி வீட்டுப் பிள்ளையும் குண்டடி பட்டவரும் ஒரே அறையில்! முதலில் பிரான்சிஸ் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவரோ இவருடைய வகுப்புக்கு மாணவர்களைச் சேர்த்துவிட்டார், பணக்கஷ்டத்தில் உதவி செய்தார், பொறுமையாகக் காத்திருந்தார். நாலைந்து வருஷத்தில் பிரான்சிஸின் கல்லான மனம் உடைந்தது. 1534 ஆகஸ்ட் 15ல் பாரீஸின் ஒரு சிறு குன்றின்மேல் ஏழு பேர் கூடித் தங்களை முழுவதுமாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார்கள். ஏழு பேரில் பிரான்சிஸும் ஒருவர்.

ஒரே நாள் தவணை

1540ஆம் வருஷம் ரோமாபுரியில் நடந்ததைக் கவனியுங்கள். இந்தியாவுக்கு ஊழியர்களை அனுப்ப வேண்டும் என்று போர்ச்சுகல் ராஜா மூன்றாம் ஜான் கேட்டிருந்தார். இரண்டு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். அந்த இரண்டு பேரில் சவேரியார் இல்லை! ரொட்ரிகஸ் ஒருவர், பொபடில்லா மற்றவர். சவேரியாருக்கு எழுத்து வேலை. கடிதம் எழுதிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

புறப்பட வேண்டிய நேரத்தில் பொபடில்லா காய்ச்சலோடு வந்து படுத்துவிட்டார். ராஜாவின் தூதரோ மறுநாள் கிளம்புகிறார். என்ன செய்யுறது? இஞ்ஞாசியார் தானும் வியாதிப்படுக்கையில் இருந்தபடியே பிரான்சிஸைக் கூப்பிட்டு, நீ போக வேண்டும் என்று சொன்னார். பிரான்சிஸ் உடனே சரி என்றார். கிழிந்த பழைய உடுப்பைத் தைத்துக்கொண்டு மறுநாள் கிளம்பிவிட்டார். அவ்வளவுதான்! இந்திய ஊழியத்தின் ஒரு பெரிய அதிகாரம் ஒரு காய்ச்சலினாலும், ஒரு நாள் தவணையில் கிடைத்த ஒரு சம்மதத்தினாலும் தொடங்கியது.

பிரியமானவர்களே, இந்த இடத்தை எழுதும்போது என் கை நின்றுவிட்டது. என் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லாமல் போக மனசு கேட்கவில்லை. வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ முடித்து வந்த வருஷம் அது. தூரத்தில் ஒரு மலைக்கிராமத்துக்கு ஊழியத்துக்குப் போக இருந்த சகோதரருக்கு மஞ்சள்காமாலை கண்டுவிட்டது. மூத்த போதகர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, அவருக்குப் பதிலாகப் போக முடியுமா என்று கேட்டார். ஜெபம் பண்ணிச் சொல்கிறேன் ஐயா என்றேன். பேச்சு ஆவிக்குரிய பேச்சுதான். ஆனால் மூன்று நாளும் நான் ஜெபம் பண்ணவில்லை, கணக்குப் போட்டேன். தங்கச்சி கல்யாணம், வீட்டுக் கடன், அந்த ஊர்க் குளிர், பாஷை. மூன்றாம் நாள் சரி என்று சொல்லப் போனபோது, என்னைவிட இளைய தம்பி ஒருவர் முந்தின ராத்திரி பஸ்ஸிலேயே போய்விட்டார் என்று சொன்னார்கள். கர்த்தர் என்னை மன்னித்தார், இந்தக் கரையில் ஊழியமும் கொடுத்தார். ஆனாலும் அந்த ஊர்ப் பேரைக் கேட்டால் இன்னிக்கும் தலையைக் குனிந்துகொள்ளுகிறேன்.

ஐந்து கப்பல்கள்

ரோமாபுரியிலிருந்து தரைவழியாக லிஸ்பன் பட்டணம் சேர மூன்று மாதம் ஆயிற்று. ஜூன் மாதம் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் இந்தியாவுக்குப் போகிற கப்பல் கூட்டம் வருஷத்துக்கு ஒரு தடவை, மார்ச் ஏப்ரலில்தான் கிளம்பும். காரணம் உங்களுக்கே தெரியும். பாய்க்கப்பலுக்கு டீசல் கிடையாது, காத்துதான் டீசல். அந்த மாதத்தில் விட்டால்தான் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவந்து, நம்ம பக்கம் அடிக்கிற கச்சான் பருவக் காத்தைப் பிடித்து, செப்டம்பர் வாக்கில் கோவா சேரலாம். ஆகவே அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த மாதங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. சிறைச்சாலையில் இருந்தவர்களைப் போய்ப் பார்த்துப் போதித்தார்.

அதற்குள் ரொட்ரிகஸை ராஜா தன் தேசத்திலேயே நிறுத்திக்கொண்டார். முதலில் தெரிந்தெடுக்கப்பட்ட இரண்டு பேருமே போகவில்லை. பதிலாக வந்தவர்தான் போனார்! அவரோடு பவுல் என்ற இத்தாலியரும், மான்சில்லாஸ் என்ற போர்ச்சுகீசியரும் சேர்ந்துகொண்டார்கள்.

போப்பாண்டவர் சவேரியாரைக் கிழக்கு நாடுகளுக்கெல்லாம் தன் பிரதிநிதியாக நியமித்துப் பத்திரம் கொடுத்திருந்தார். அவ்வளவு பெரிய பதவிக்காரர் கப்பலில் தன் துணியைத் தானே துவைத்து, தன் சோற்றைத் தானே ஆக்கினால் மரியாதை கெட்டுப்போகுமே, ஒரு வேலைக்காரனையாவது கூட்டிக்கொண்டு போகும்படி அரண்மனை அதிகாரி ஒருவர் கெஞ்சினார். அப்படிப்பட்ட மரியாதையைத் தேடினதுதான் சபையை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது என்ற கருத்தில் பதில் சொல்லி, வேலைக்காரன் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். கொஞ்சம் புத்தகங்களும், தென்முனைக் குளிருக்குக் கம்பளி உடுப்பும் மட்டும் எடுத்துக்கொண்டார்.

1541 ஏப்ரல் 7. அன்றைக்கு அவருக்கு 35 வயது நிரம்பியது. பிறந்த நாளிலேயே கப்பல் ஏறினார். ஐந்து கப்பல்கள். புதிய கவர்னராக வந்த மார்ட்டிம் அபோன்சோ டி சூசா ஏறின சந்தியாகு என்ற கப்பலில்தான் இவரும். படைவீரர், வியாபாரி, மாலுமி, பிழைக்கப் போகிறவன், கைதி, அடிமை என்று நூற்றுக்கணக்கான ஜனம். சந்தியாகு என்றால் யாக்கோபு அப்போஸ்தலன். நம்ம பக்கத்து மூக்கையூரில் சந்தியாகப்பர் கோவில் இருக்கிறதே, அதே பெயர்தான்.

கரையில் நின்ற தாய்மாரும் மனைவிமாரும் அழுதார்கள். ஐந்து கப்பலும் ஆற்றுமுகம் தாண்டிப் பெருங்கடலில் இறங்கின. அதன்பின் ஐரோப்பாவை அவர் பார்க்கவே இல்லை.

கப்பல் தளமே ஊழிய ஸ்தலம்

எல்லாம் மகிமையாக இருந்தது என்று நினைக்காதேயுங்கள். சவேரியாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவே இல்லை. மலைநாட்டுக்காரர்தானே! இரண்டு மாதம் முழுவதும் தலைசுற்றலும் வாந்தியுமாய்க் கிடந்தார். அதற்கு மேலே, ஆப்பிரிக்காவின் கினியா கரைக்கு நேரே வந்ததும் காத்து விழுந்துபோனது. நாற்பது நாள்! பாய் ஆடவில்லை. தண்ணீர் நாறிப்போனது, மாவு புழுத்துப்போனது. காய், பழம் கண்ணில் படாமல் மாசக்கணக்காகக் கடலில் கிடந்தால் ஈறு வீங்கி, ரத்தம் வடிந்து, கை கால் முடங்கிப்போகும். ஸ்கர்வி என்று அதற்குப் பேர். வைட்டமின் சி குறைவதால் வருவது. அந்தக் காலத்தில் காரணம் தெரியாது. கப்பலுக்குக் கப்பல் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலைமையில் அவர் எழும்பினார். கவர்னர் தன் பந்தியிலிருந்து கொடுத்த நல்ல ஆகாரத்தை வியாதியஸ்தருக்குப் பங்கிட்டார். அவர்கள் உடம்பைத் துடைத்தார், அழுக்குத் துணியைத் துவைத்தார், சாகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரசங்கம் செய்தார். சூதாடிக்கொண்டிருந்த படைவீரரிடமும் போய் உட்கார்ந்து சிநேகம் பிடித்தார்.

தேவபிள்ளைகளே, கவனியுங்கள். இந்தியா போய்ச் சேர்ந்த பிறகு ஊழியம் ஆரம்பிக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. நாமோ, கடன் தீரட்டும், பிள்ளை கரையேறட்டும், ரிட்டயர்டு ஆகட்டும், அப்புறம் முழு மனசாய் ஊழியம் செய்யலாம் என்கிறோம். வாந்தி எடுத்துக்கொண்டிருந்த மனுஷன் வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்தவன் வாந்தியை அள்ளினான். அதுதான் ஊழியம்!

காத்து விழுந்ததால் நாள் தப்பிப்போயிற்று. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் மொசாம்பிக் தீவுக்கு வந்து சேர்ந்தபோது, இந்தியாவுக்குக் கடக்கிற காத்துக்காலம் முடிந்துவிட்டது. ஆறு மாதம் அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. காய்ச்சல் மலிந்த தீவு. ஆஸ்பத்திரியில் இடமில்லை. சவேரியாரும் கூட்டாளிகளும் ராப்பகலாய் ஊழியம் செய்தார்கள். பலர் அங்கேயே மண்ணில் அடங்கினார்கள். கடைசியில் அவரையும் காய்ச்சல் பிடித்துப் படுக்கையில் தள்ளியது.

கவர்னர் 1542ல் கப்பல் மாறிக் கிளம்பியபோது சவேரியாரைக் கூட அழைத்துக்கொண்டார். வியாதியஸ்தரை விட்டுவர மனமில்லாமல் பவுலும் மான்சில்லாஸும் பின்தங்கினார்கள். வழக்கமாக ஆறு மாதத்தில் முடிகிற பிரயாணம் பதின்மூன்று மாதம் ஆயிற்று. 1542 மே 6ல் கோவாவில் காலை வைத்தார். அங்கேயும் அரண்மனை மாளிகையைத் தேடாமல் ஆஸ்பத்திரியில் தங்கினார். குஷ்டரோகிகளைச் சந்தித்தார். கையில் மணியை எடுத்து அடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளையும் அடிமைகளையும் கூட்டிச் சேர்த்துப் போதித்தார்.

முத்துக்குளித்துறைக்கு

அங்கிருந்துதான் நம்ம பக்கம் வருகிறார். முத்துக்குளிக்கிற பரதவ ஜனங்களில் ஆயிரக்கணக்கானோர் 1530களில் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புத் தேடி, ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஆனால் அவர்களுக்குப் போதிக்க ஆள் இல்லை. பேர் மாறியிருந்தது, போதனை கிடைக்கவில்லை. 1542 கடைசியில், தமிழ் தெரிந்த மூன்று வாலிபரைக் கூட்டிக்கொண்டு சவேரியார் வந்தார். மணப்பாட்டில் அவர் தங்கி ஜெபித்ததாகச் சொல்லும் கடற்கரைக் குகை இன்றும் இருக்கிறது.

பாஷைதான் பெரிய மலை. தமிழும் அந்த அந்நிய பாஷையும் அரைகுறையாகத் தெரிந்தவர்களை உட்கார வைத்து, மாதக்கணக்காகப் பாடுபட்டு, விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கற்பனைகளையும் பரமண்டல ஜெபத்தையும் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். தப்பும் வந்தது. விசுவாசம் என்று வர வேண்டிய இடத்தில் வேணும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்! பிறகு தப்புத் தெரிந்ததும், வேணும் என்பதை எடுத்துவிட்டு விசுவாசம் என்று சொல்லிக்கொடுக்கும்படி மான்சில்லாஸுக்குக் கடிதம் எழுதித் திருத்தினார். பாரீஸில் பாடம் நடத்தினவர், நம்ம கரையில் தப்பை ஒத்துக்கொண்டு திருத்திக்கொள்ள வெட்கப்படவில்லை. நம்மில் எத்தனை பேர் ஆண்டவரை விசுவாசிக்கிறோம்? எத்தனை பேர் இது வேணும், அது வேணும் என்று மட்டும் நிற்கிறோம்?

ஊர் ஊராய் நடந்தார். மணி அடித்துப் பிள்ளைகளைச் சேர்த்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோகிற நாட்களும் இருந்தன.

இருபது தோணிகள்

1544 ஜூன் மாதம். வடக்கேயிருந்து குதிரைப் படைகள் வந்து தென்கோடிக் கரையூர்களைக் கொள்ளையிட்டன. வடுகர் படை என்று சொல்லுவார்கள். ஜனங்கள் உயிர் தப்பக் கடலுக்குள் ஓடிக் கன்னியாகுமரிப் பாறைகளில் ஏறி நின்றார்கள். வெயில் கொளுத்துகிறது. சோறில்லை, தண்ணியில்லை. செய்தி மணப்பாட்டுக்கு வந்தது.

சவேரியார் இருபது தோணிகளில் ஆகாரம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். லிஸ்பனில் அவர் ஏறினது ராஜாவின் கப்பல். பீரங்கியும் கொடியும் கவர்னரும் இருந்தார்கள். இந்தப் படைக்கு அதெல்லாம் இல்லை. நம்ம முன்னோர்களின் தோணி, அரிசி, தண்ணிக்குடம்.

ஆனி மாசத்தில் மணப்பாட்டிலிருந்து குமரிக்குப் போவது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கச்சான் நேர் முகத்தில் அடிக்கும். துடுப்புப் போட்டார்கள், கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார்கள். எட்டு நாள் போராடினார்கள். போய்ச் சேர முடியவில்லை. தோணிகள் மணப்பாட்டுக்கே திரும்பின.

ஜெபித்துப் புறப்பட்ட படகுகள் திரும்பி வந்துவிட்டன. இதை நான் மறைத்து எழுதினால் பொய்க்காரனாவேன். சில நேரம் அப்படித்தான் நடக்கிறது. விசுவாசத்தில் குறைவுபட்டதால்தான் என்று சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடாதேயுங்கள். அடுத்து அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். கடல் விடவில்லை என்றால் கரை இருக்கிறதே என்று, நடந்தே குமரிக்குப் போனார். வழியெல்லாம் பட்டினிக் கூட்டம். நடக்க முடியாத கிழவர்கள், வழியில் பிள்ளை பெற்ற தாய்மார்கள், செத்துக் கிடந்தவர்கள். ஏழைகளையெல்லாம் மணப்பாட்டுக்கு வரச் செய்து ஆதரித்தார்.

சில மாதம் கழித்துத் தூத்துக்குடியிலும் அதே கதை. ஜனங்கள் பக்கத்துத் தீவுகளுக்கு ஓடினார்கள். நம்ம கடலிலும் நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு என்று இருக்கிறதே. தீவில் குடிதண்ணி இருக்கா இல்லையா என்பதுதான் உயிர் பிரச்சனை. அந்தக் கரையின் போர்ச்சுகீசியக் கேப்டனும் அங்கே மாட்டிக்கொண்டார். அவர் தன் வியாபார லாபத்தையே பார்த்தவர், சவேரியாருக்குப் பெரிய மனவேதனையாய் இருந்தவர். ஆனாலும் சவேரியார், பட்டான் பார் என்று சொல்லவில்லை. புன்னைக்காயல், கொம்புத்துறைத் தோணிகளில் தண்ணியும் ஆகாரமும் ஏற்றி உடனே உதவிக்குப் போகும்படி மான்சில்லாஸுக்கு எழுதினார். சத்துருவுக்குத் தண்ணி கொடுப்பதைப் பிரசங்கிப்பது சுலபம். தோணியில் ஏற்றி அனுப்புவது வேறே காரியம்.

ஒரு தடவை புறப்பட்டால் போதுமா?

1545ல் மயிலாப்பூர், பிறகு மலாக்கா, மொலுக்கா தீவுகள், 1549 ஆகஸ்ட் 15ல் ஜப்பான் என்று போய்க்கொண்டே இருந்தார். மறுபடியும் மறுபடியும் கப்பலேறினார்.

மான்சில்லாஸை நினைத்தால் எனக்குத் துக்கம் வருகிறது. லிஸ்பனில் அதே கப்பலில் ஏறினவர், நம்ம கரையில் உண்மையாய் உழைத்தவர். ஆனால் மொலுக்காவுக்கு வா என்று கூப்பிட்டபோது அவர் போகவில்லை. சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார். அவரைக் குற்றப்படுத்த எனக்குத் தகுதியில்லை. மலைக்கிராமத்துக் கதையைத்தான் சொல்லிவிட்டேனே! ஆனால் முந்தின புறப்பாடு அடுத்த புறப்பாட்டுக்குக் கணக்கில் சேராது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

நிலைத்து நின்றவரும் உண்டு. அந்தோனி கிரிமினாலி என்ற இத்தாலி தேசத்து வாலிப ஊழியரை முத்துக்குளித்துறைக்குத் தலைவராகச் சவேரியார் வைத்துப் போயிருந்தார். 1549ல் நம்ம ராமநாதபுரம் ஜில்லா வேதாளையில் படைகள் வந்து விழுந்தன. ராமேஸ்வரம் போகிற யாத்திரிகர்களிடம் போர்ச்சுகீசியக் கேப்டன் வரி பிடுங்கினதால் வந்த சண்டை அது. கிரிமினாலி படகேறித் தப்பித்திருக்கலாம். பெண்களையும் பிள்ளைகளையும் படகில் ஏற்றிவிட்டுக்கொண்டே கரையில் நின்றார். அங்கேயே குத்துண்டு மரித்தார். வேறே ஒருவனுடைய பேராசைக்கு இவர் உயிரைக் கொடுத்தார்.

இங்கேதான் குறையையும் சொல்ல வேண்டும். அந்த ஊழியம் ராஜாவின் வாளுக்கும் வரிக்கும் பின்னால் வந்தது. அந்தக் கறை அதில் ஒட்டியது. பிறர் வணங்கும் சிலைகளைப் பிள்ளைகள் உடைத்தபோது சவேரியார் சந்தோஷப்பட்டார். 1546ல் கோவாவில் மத விசாரணை மன்றம் வேண்டும் என்று ராஜாவுக்குக் கடிதமும் எழுதினார். அவர் மரித்த பிறகு 1560ல் வந்த அந்த மன்றம் பலருடைய கண்ணீருக்குக் காரணமாயிற்று. அன்பினால் சேர்க்க வேண்டியதைப் பயத்தினால் சேர்க்கக் கூடாது. நல்ல ஊழியருக்கும் இருட்டான மூலை உண்டு. நாம் பார்த்து நடக்க வேண்டியவர் கிறிஸ்து ஒருவரே.

வராத படகு

1552. சவேரியாருக்கு 46 வயசு. சீன தேசத்துக்குள் போக வேண்டும் என்ற பாரம். அந்நியர் நுழைந்தால் சிறை அல்லது மரணம். சீனக் கரைக்கு எதிரே சாங்சுவான் என்ற தீவில் வந்து தங்கினார். கரை கூப்பிடு தூரம்போல அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. ஒரு சீன வியாபாரி, மிளகைக் கூலியாகப் பேசிக்கொண்டு, நவம்பர் மாதம் ஒரு நாள் ராத்திரி ரகசியமாய்க் கொண்டுபோய் விடுகிறேன் என்று ஒத்துக்கொண்டான்.

அந்த நாள் வந்தது. படகு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தீவில் நின்ற வியாபாரக் கப்பல்கள் ஒவ்வொன்றாய்ப் போய்விட்டன. குளிர்காத்து அடித்தது. காய்ச்சல் கண்டது. அந்தோனி என்ற சீன வாலிபன் பக்கத்தில் இருந்து கவனித்தான். 1552 டிசம்பர் 3 விடியுமுன்னே அந்த ஓலைக் குடிசையில் ஜீவன் பிரிந்தது.

முதலில் ஐந்து கப்பல்கள். பிறகு இருபது தோணிகள். கடைசியில் ஒரு படகும் இல்லை. உலகம் பார்த்தால் தோல்வி என்று சொல்லும். ஆனால் அவர் புறப்பட மறுத்ததினால் ஒரு படகும் காலியாய்ப் போகவில்லை. வராமல் போனது படகு. அவர் தயாராகக் கரையில் நின்றார்.

பிரியமான தேவபிள்ளையே! உன்னைத் தெரிந்தெடுக்கவில்லை, உன் பேர் பட்டியலில் இல்லை என்று மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாயா? இன்றைக்கு ஒருவர் வியாதியில் விழுந்திருக்கலாம். ஞாயிறு பள்ளியில் ஒரு ஆசிரியர் குறைவு. ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரைப் பார்க்கப் போகிற சகோதரிக்கு முட்டுவலி. புருஷனைக் கடலில் பறிகொடுத்த வீட்டுக்குப் போய் உட்கார ஆள் இல்லை. அவர்களுக்குப் பதிலாக நீ போவாயா? மூன்று நாள் கணக்குப் போட்டு உட்கார்ந்தவனின் கண்ணீரோடு கேட்கிறேன். இன்றைக்கே சொல்லு.

பாய்மரம் வேண்டாம், கவர்னர் வேண்டாம், வேலைக்காரனும் வேண்டாம். கிழிந்ததைத் தைத்துக்கொண்டு கிளம்பினால் போதும். காத்து எதிர்த்தால் நடந்து போவோம்.

நாளை விடியற்காலை வல்லங்கள் இறங்கும்போது, கரையில் நிற்கிற நாம் எல்லோரும் ஒரு நிமிஷம் தலை தாழ்த்தி, கடலுக்குப் போகிறவர்களுக்காகவும், ஊழியத்துக்காகத் தூரதேசம் போனவர்களுக்காகவும், இன்னும் புறப்படாமல் இருக்கிற நமக்காகவும் ஜெபிப்போமா?

கர்த்தர் தாமே உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.